முறிந்த ஆணியும் நம் உரைநடையும்

இரும்பு முறிவதற்கு முன் ஒரு கணம் இளகிக் கொடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த நட்டு கடைசியில் அசைந்துவிட்டது என்று கை மகிழ்ந்து போகிறது. ஸ்பானர் எதிர்ப்பின்றி ஒரு கால் சுற்று செல்கிறது. அந்த இன்பம் அரை நொடிதான். பிறகு 'டக்' என்று ஒரு சிறிய ஓசை. நட்டோடு பாதி ஆணி கைக்கு வந்துவிடுகிறது. மீதிப் பாதி இன்ஜினுக்குள் தங்கிவிடுகிறது.

நான் இதைச் செய்தது சென்ற ஆண்டு மே மாதத்தில். கார் என் அப்பாவுடையது. 1976ஆம் ஆண்டின் மார்க் 3 அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்யப்பட்டு, 2014இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், எம்ஜி விளையாட்டுக் கார்களில் இருந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். கண் அறுவைக்குப் பின் அவர் ஓட்டுவதில்லை. ஆனால் தினமும் காலையில் காப்பி குடித்ததும் கொட்டகைக்குப் போய் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவார். எண்பது வயதில் அவருக்கு அது ஒரு சந்தியாவந்தனம்.

மே மாதத்தில் இன்ஜினின் முன்புறம், ரேடியேட்டர் குழாய் வந்து சேரும் அலுமினிய மூடியின் அடியில் தண்ணீர் கசிந்தது. அந்த மூடிக்குள்தான் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு இருக்கும். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, சூடானபின் திறந்துவிடும். வண்டி அதிகம் சூடாவதால் வால்வு கெட்டிருக்கும் என்று நானே முடிவுசெய்தேன். மூன்று ஸ்டட்டுகள், மூன்று நட்டுகள். கழற்றி மாற்ற எவ்வளவு நேரமாகும்? கல்லூரிக்கு விடுமுறை வேறு. இரண்டு நட்டுகள் முனகிக்கொண்டே வந்தன. மூன்றாவது வரவில்லை. ஸ்பானரின் பின்னால் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகி என் முழு எடையையும் கொடுத்தேன்.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓசை அவருக்கும் கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. "விடும்மா, மேஸ்திரியைப் பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையிலிருந்து அந்த ஐந்து நிமிடச் சத்தம் இல்லை. வீட்டில் அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை.

*

ஏன் முறிந்தது என்பதை இப்போது சொல்ல முடிகிறது. அப்போது தெரியாது.

முதலாவது, நான் எடுத்த ஸ்பானர் 13 மில்லிமீட்டர். அந்த வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. ஐந்து பதினாறில் ஒரு பங்கு அங்குல ஸ்டட்டுக்கு அரை அங்குல நட்டு, அதாவது 12.7 மில்லிமீட்டர். இடையில் இருப்பது 0.3 மில்லிமீட்டர் இடைவெளிதான். ஆனால் அந்த இடைவெளியில் ஸ்பானர் நட்டின் முகங்களைப் பிடிக்காது. முனைகளை மட்டும் பிடித்து மழுக்கும். முறிந்ததற்கு இது நேரடிக் காரணமில்லை என்றாலும், நட்டு வழுக்கத் தொடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. குழாயைத் தேடியது அந்தக் கோபம்தான்.

இரண்டாவது, துரு. துருப்பிடித்த இரும்பு தானிருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரையின் இடுக்கில் அதற்குப் போக இடமில்லை. ஆகவே இரு பக்கமும் நெருக்கி இறுகுகிறது. அதோடு அலுமினியமும் இரும்பும் தண்ணீரில் சேர்ந்து நனைந்தால் ஒரு சிறு மின்கலம்போல் வேலைசெய்து அலுமினியம் அரிக்கப்படும்; அந்த வெள்ளைப் பொடியும் இடுக்குகளை அடைக்கும். நாங்கள் பல ஆண்டுகளாக ரேடியேட்டரில் ஊற்றியது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீர். வண்டியைக் குறை சொல்ல நியாயமில்லை.

மூன்றாவது, கசிவு. மூடியும் இன்ஜினின் தலையும் சேரும் இடத்தில் கசிந்த நீர், சரியாக அந்த இடத்தில் ஆணியின் இடுப்பை அரித்திருந்தது. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 8 மில்லிமீட்டர் ஆணி 6 மில்லிமீட்டராக மெலிந்தால் வலிமை முக்கால் பங்காகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில் பாதிக்கும் கீழே, 42 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். நான் குழாயைச் செருகியபோது அந்த ஆணி முன்பே பாதி இறந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கத்தோடு. மற்ற இரண்டு ஸ்டட்டுகளிலிருந்து மூடியை மரச்சுத்தியலால் தட்டி எடுத்தபோது உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. என்றோ எந்த மெக்கானிக்கோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று கழற்றிவிடுவது பரவலான வழக்கம். இல்லாத ஒன்றை மாற்றுவதற்காகத்தான் இவ்வளவும்.

*

முதலில் போன பட்டறையில் ஓர் இளைஞர் மின்சார டிரில்லைக் கையில் பிடித்து, முறிந்த ஆணியின் மேல் வைத்து அழுத்தினார். முறிந்த முகம் சாய்வாக இருந்ததால் பிட் வழுக்கி ஓரத்தில் ஒரு குழியைப் போட்டது. "ஹெட்டையே மாத்திடலாம் மேடம். பழசு புதுப்பேட்டையில கிடைக்கும். இல்லேன்னா வண்டியை எடைக்குப் போட்டுடுங்க" என்றார். அவர் கெட்டவரில்லை. மூன்று மணி நேரம் ஓர் ஆணியோடு உட்கார்ந்தால் அவருக்குக் கூலி கட்டாது.

அப்பா சொன்ன மேஸ்திரி திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் இருந்தார். வயது எழுபதுக்கு மேல். வண்டியை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினோம். குனிந்து பார்த்தார்.

"பைப்பு போட்டீங்களா டீச்சர்?"

"ஆமா மேஸ்திரி."

"எவ்வளவு நீளம்?"

"ரெண்டடி இருக்கும்."

"ம்" என்றார். கல்லூரியில் இருபது ஆண்டுகள் மாணவர்களைத் திட்டியிருக்கிறேன். அந்த 'ம்' அளவுக்கு யாரையும் திட்டியதில்லை.

அன்று அவர் எதையும் திருகவில்லை. கம்பித்தூரிகையால் ஆணியின் முகத்தைத் தேய்த்துச் சுத்தம்செய்தார். மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஆயில் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு மழுங்கிய பஞ்சை ஆணியின் நடுவில் வைத்துச் சிறிய சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, கதவைத் தட்டுவதுபோல் ஒரே சீராக நாற்பது ஐம்பது தட்டு. துரு என்பது கெட்டியானது ஆனால் நொறுங்கக்கூடியது. அதிர்ச்சியில் நுண்ணிய விரிசல் விடும், அந்த விரிசலில் எண்ணெய் இறங்கும். மீண்டும் எண்ணெய். "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். கார்புரேட்டரை ஈரச்சாக்கால் மூடினார். பக்கத்தில் ஒரு வாளி மணல். பிறகு ஆணியின் முகத்தின்மேல் ஒரு வாஷரை வைத்து, அதன் துளை வழியாக வெல்டிங் ராடை இறக்கி, ஆணியையும் வாஷரையும் ஒட்டினார். அந்த வாஷரின் மேல் ஒரு நட்டை வைத்து மறுபடி ஒட்டினார். இன்ஜினின் தலை வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் வார்ப்பிரும்பில் சரியாகப் பிடிக்காது. வேறு வேலைகளில் தொல்லையான அந்தக் குணம் இங்கே துணையாகிறது. ஆணியில் மட்டும் பிடிக்க வேண்டும், சுற்றியுள்ள உடம்பில் பிடிக்கக் கூடாது. இப்படி, முறிந்த ஆணிக்குப் புதிதாக ஒரு தலை முளைத்தது.

முதல் தலை நிற்கவில்லை. ஸ்பானரை வைத்ததும் பெயர்ந்து வந்தது. அவர் அதைத் தூக்கிப் பார்த்து, "அடியில சுத்தம் பத்தல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். முகத்தில் சலிப்பு இல்லை. நானாயிருந்தால் குழாயைத் தேடியிருப்பேன்.

இரண்டாம் தலையை ஒட்டியதும் அவசரப்படவில்லை. சிவப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மெழுகுவத்தியை எடுத்து ஆணியும் இரும்பும் சேரும் வளையத்தில் தொட்டார். மெழுகு உருகி, மண்ணில் தண்ணீர் இறங்குவதுபோல் இடுக்குக்குள் மறைந்தது. சூட்டில் விரிந்த உலோகம் ஆறும்போது இடுக்கில் உருவாகும் மயிரிழை வழியில் மெழுகு தானே ஏறும். அதன் பிறகுதான் அரை அங்குல ஸ்பானரை எடுத்தார். எனக்கு வியப்பாயிருந்தது, அவர் முதலில் திருப்பியது கழற்றும் பக்கம் அன்று, இறுக்கும் பக்கம்.

"மூடிப் பார்த்துட்டுத்தான் தொறக்கணும். எது அசைஞ்சாலும் அசைவுதான்."

இறுக்கும் பக்கம் நூலளவு. கழற்றும் பக்கம் நூலளவு. மறுபடி இறுக்கம். ஒவ்வொரு தடவையும் எண்ணெய். எலி கத்துவதுபோல் ஒரு கீச்சொலி கேட்டது. "அதோ, பேசுது" என்றார். அந்த ஒலி வந்துவிட்டால் ஆணி முறியாது என்று பொருளாம். ஓசையின்றி இளகினால்தான் பயப்பட வேண்டும். நான் மகிழ்ந்த அந்த அரை நொடி அதுதான். கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே என்று போய், முழுச் சுற்று ஒன்றானது. ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஏறும். ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று, ஆணி வெளியே வர.

துளையில் மரை தப்பியிருந்தது. டேப்பைக் கையால் விட்டுச் சுத்தம் செய்தார். புதிய ஸ்டட்டை உறவு கொள்ளச் செய்வதற்கு முன் அதன் மரையில் கொஞ்சம் கிராஃபைட் கிரீஸ் தடவினார். "அடுத்த தடவை கழட்டறவன் நம்மளைத் திட்டக் கூடாதில்ல?" என்றார். அடுத்த தடவை என்பது இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து இருக்கலாம். அவரும் இருக்கப்போவதில்லை, அப்பாவும் இருக்கப்போவதில்லை.

ஈசி அவுட் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டிருக்கலாமே என்று, படித்ததை வைத்துக் கேட்டேன். ஆணியின் நடுவில் துளையிட்டு, எதிர்ப்புரி உள்ள கூம்பை அதில் முறுக்கி இழுக்கும் கருவி அது. "சின்ன ஆணிக்கு அதை நம்பக் கூடாது" என்றார். கூம்பு உள்ளே இறங்க இறங்க ஆணியின் சுவரை வெளிப்பக்கம் தள்ளி இன்னும் இறுக்கும். அதுவும் உள்ளேயே முறிந்தால், அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் அதைத் தொடாது. ஒரு சிக்கலுக்குள் அதைவிடப் பெரிய சிக்கலைப் புதைத்துவிட்டு நிற்போம். எல்லாவற்றையும் துளைத்தே எடுப்பது கடைசி வழி என்றும், அதற்கு முதல் புள்ளி நட்டநடுவில் விழ வேண்டும் என்றும், முதல் பட்டறையின் குழி அந்த வழியைத்தான் கெடுத்துவிட்டது என்றும் விளக்கினார்.

*

இதை ஏன் இலக்கியம் படிப்பவர்களுக்கு எழுதுகிறேன் என்று சொல்லியாக வேண்டும்.

வீடு திரும்பும்போது என் மனம் செய்த முதல் காரியம், அந்த ஆணியை உருவகமாக்கியது. முறிந்த உறவு, பொறுமை, மூடிப் பார்த்துத் திறப்பது என்று வரிசையாக வந்தன. மறுநாள் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எங்கள் துறைக்காரர்களுக்கு இது ஒரு நோய். எதைக் கண்டாலும் அது வேறொன்றைக் குறிப்பதாக்கிவிட்டு, கண்டதை மறந்துவிடுவோம்.

இராபர்ட் பிர்சிக் 1974இல் எழுதிய, மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் ஜென்னையும் இணைத்த நூலை நம்மில் பலர் படித்திருப்போம். கழற்ற முடியாமல் சிக்கிக்கொண்ட ஒரு திருகாணியைப் பற்றி அதில் நெடிய சிந்தனை உண்டு. சில காசு பெறும் திருகாணி, சிக்கிய கணத்தில் முழு மோட்டார் சைக்கிளின் விலைக்குச் சமமாகிவிடுகிறது என்பார். மிக உண்மை. அந்தச் சிக்கலிலிருந்து அவர் தரம் என்ற தன் தத்துவத்துக்குப் போய்விடுகிறார். அது அவருடைய நூல். அவருக்கு அந்த உரிமை உண்டு, ஏனெனில் அவர் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டியவர். நம்மில் பலர் பிரிக்காமலேயே தத்துவத்துக்குப் போய்விடுகிறோம்.

மேஸ்திரியின் ஆணி எதற்கும் உருவகமில்லை. அது ஐந்து பதினாறில் ஒரு பங்கு அங்குலத்தில் ஓர் ஆணி. அதை எடுக்கும் வேலையை அதன் வரிசையில், அதன் காரணங்களோடு, அதன் சொற்களில் எழுத முடியுமா என்பதுதான் தமிழ் உரைநடையின் முன் இருக்கும் கேள்வி. மேலே நான் எழுதிய சில பத்திகளுக்கு மூன்று நாட்கள் ஆயின. இரண்டு பிறவிக்குப் போதுமான அளவு சோகத்தை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடுவேன். வாஷரின் துளை வழியாக வெல்டிங் ராடை இறக்குவதை எழுத எனக்குப் பயிற்சி இல்லை. நம் உரைநடை உணர்ச்சியில் செல்வமும் செய்முறையில் வறுமையும் உடையது என்பது என் முடிவு.

எப்போதும் இப்படி இருந்ததா? பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை, கரிகாலனிடம் பரிசில் பெற வழிகாட்டும் பாட்டு. பாடியவர் முடத்தாமக்கண்ணியார். பாட்டின் தொடக்கத்திலேயே யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவருகிறார். அதில் துளைகளை மூடும்படி முடுக்கிய ஆணிகளும் வருகின்றன. அவை வளைக்குள் வாழும் நண்டின் கண்ணைப்போல் இருந்தன என்கிறார். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஓர் ஆணியை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். அங்கே உவமை ஆணியை மறைக்கவில்லை. இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. நண்டின் கண் வேறெதையும் குறிக்க வரவில்லை. ஆணி எப்படி இருந்தது என்று சொல்ல வந்தது. இந்த வேறுபாட்டை நான் இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியும் கவனிக்காமல், ஒரு பட்டறையில் நின்றபோது கவனித்தேன்.

*

சொற்களுக்கு வருகிறேன்.

மேஸ்திரி பேசியது கலப்புத் தமிழ். ஸ்டட்டு, நட்டு, டேப்பு, ஹெட்டு என்பவற்றோடு மரை, பிடிமானம், முடுக்கு, நூல், பேசுது, கடிக்குது என்பனவும் வந்தன. மரை தப்பி நுழைந்தால் 'குறுக்கே கடிக்குது' என்றார். அந்த ஒரு சொற்றொடர் ஒரு முழு விளக்கத்துக்குச் சமம். ஆணி மரையில் நேராக ஏறாமல் சாய்ந்து ஏறி, தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு கெடுப்பதைக் குறிக்கிறது. 'மரை கழன்றவன்' என்று மனிதர்களைக் கேலிசெய்யும்போது மட்டும் நமக்கு நினைவுக்கு வரும் சொல், அவருக்கு ஒரு நாளில் நூறு முறை தேவைப்படும் சொல்.

இன்னொரு பக்கம் நம் கலைச்சொல்லாக்கம். சிலிண்டருக்கு உருளை, பிஸ்டனுக்கு உந்துதண்டு. அழகான சொற்கள்தாம், பாடநூலில் இருக்கின்றன, தேர்வுத்தாளில் இருக்கின்றன. எந்தப் பட்டறையிலும் நான் கேட்டதில்லை. ஆக்கியவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் ஆங்கில அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு சொல் தேடினார்கள். கிரீஸ் படிந்த கைக்காரரிடம் போய் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருந்தால் பாதிச் சொற்கள் இலவசமாகக் கிடைத்திருக்கும் என்பதே என் குறை.

நட்டுக்குத் தமிழ்ச் சொல் இல்லை என்று வருந்துவோருக்கு ஒன்று. பெண்கள் காதில் போடும் தோட்டைத் திருகும்போது அதன் பின்பக்கத்தில் என்ன சொல்கிறோம்? திருகு, சுரை. பொற்கொல்லர்கள் இன்றும் சொல்கிறார்கள். வேலின் காம்பு செருகும் குழல்வாய்க்கும் சுரை என்றே பெயர். அந்தப் பழஞ்சொல் என் காதிலேயே இத்தனை நாள் இருந்தது. தோடு இறுகிப்போனால் என் பாட்டி தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பாள்; சற்று நேரம் விட்டு, முன்னும் பின்னுமாக நூலளவு அசைத்துக் கழற்றுவாள். மேஸ்திரி செய்ததும் பாட்டி செய்ததும் ஒன்றே. இதைக்கூட உருவகமாகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே இயந்திரவியல்.

இணையத் தமிழில் 'ஆணி பிடுங்குவது' என்றால் அலுவலக வேலை என்று ஒரு கேலி பல ஆண்டுகளாக உண்டு. 2001இல் வந்த ஒரு திரைப்பட நகைச்சுவைக் காட்சிக்குப் பின் பரவியது. பயனற்ற வேலை என்பது அதன் உட்பொருள். நானும் சொல்லியிருக்கிறேன். ஓர் ஆணியைப் பிடுங்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்தபின் எனக்கு அந்தக் கேலி இனிக்கவில்லை.

*

மறுப்புகள் உண்டு. கையறிவை எழுத்தில் கொண்டுவர முடியாது என்பது முதல் மறுப்பு. மைக்கேல் பொலானி 1966இல் எழுதிய நூலில் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம். ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கீச்சொலி நல்லது, எந்த இளக்கம் கெட்டது என்பதை என் பத்திகளைப் படித்து ஒருவரும் கற்றுவிட முடியாது. ஆனால் ஓசையின்றி இளகினால் நிறுத்து என்ற ஒரு வரியை மே மாதத்துக்கு முன் நான் தமிழில் எங்காவது படித்திருந்தால் நிறுத்தியிருப்பேன். முழுவதையும் எழுத முடியாது என்பது, எழுத முடிந்ததையும் எழுதாமலிருக்கக் காரணமாகாது. இசையைக்கூடத்தான் எழுத முடியாது. இசையைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்!

எல்லாம் காணொளியில் இருக்கிறதே என்பது இரண்டாவது. இருக்கிறது; நானும் பார்த்தேன், கழற்றும் முன் பார்க்காமல் முறித்தபின். காணொளி கையைக் காட்டுகிறது. சொல்லைச் சேர்த்துவைப்பதில்லை. 'குறுக்கே கடிக்குது' என்பதை அது தேடித் தராது.

மூன்றாவது மறுப்புத்தான் வலுவானது. மேஸ்திரிகளுக்கு இது தேவையா? அவருக்கு நம் அகராதி வேண்டாம். அவருடைய தேவை, கற்றுக்கொள்ள ஒரு பையன். அவர் மகன் வளைகுடாவில் இருக்கிறார். வேலைக்கு வரும் பையன்கள் ஆறு மாதத்தில் பெரிய சர்வீஸ் நிலையங்களுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே சீருடை உண்டு, மாதச் சம்பளம் உண்டு. பழுதைக் கணினி சொல்லும், பாகத்தை மாற்றினால் போதும். அந்தப் பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தில் தரையில் படுத்து, முதுகொடிய, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் செய்யும் வாழ்க்கையைக் கவிதையாக்கிப் பிறர் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பது அயோக்கியத்தனம். ஆகவே நான் கேட்பது அவர்களுக்காக அன்று, நமக்காக. அந்தச் சொற்களும் அந்தப் பார்வையும் போய்விட்டால் நட்டம் மொழிக்கு.

தெலுங்கில் இதைச் செய்திருக்கிறார்கள். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி என்ற பெரும் மொழியியலாளர், தொழில்சார் வட்டாரச் சொற்களுக்கென்றே அகராதி தொகுக்கும் திட்டத்தைத் தொடங்கி, 1962இல் வேளாண் சொற்களுக்கான முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். பின்னால் கைத்தறிக்கும் வந்தது. தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு அகராதியும் உண்டு. தனி மனிதர்கள் தம் மண்ணின்மேல் கொண்ட அன்பால் செய்தவை. ஆனால் அவை ஊர் சார்ந்தவை, உழவு சார்ந்தவை. பட்டறை எந்த வட்டாரத்துக்கும் சொந்தமில்லை என்பதாலோ, அதன் சொற்களில் பாதி ஆங்கிலக் கலப்பு என்பதாலோ, யாருடைய அன்பும் அதன் பக்கம் திரும்பவில்லை. மரபான உழவு நமக்கு மண்வாசனை. கிரீஸ் வாசனை இலக்கியமாகவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் நம் முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். இன்ன நாவலில் பெண்கள், இன்ன கவிஞரின் சமுதாயப் பார்வை என்று தலைப்புகள் அலுக்காமல் சுழல்கின்றன. அவற்றில் நான் வழிகாட்டியவையும் உண்டு. இரண்டாம் முறை எவரும் திறந்து பார்த்திராத தாள்கள். பத்து மாணவர்களைப் பத்துப் பட்டறைகளுக்கு அனுப்பினால் என்ன? லேத், வெல்டிங், டிங்கர், மோட்டார் காயில் சுற்றுவோர், அச்சகம், தையல். ஒவ்வொருவரும் இருநூறு சொற்கள், ஒவ்வொரு சொல்லும் எந்த வேலையில் எப்படி வந்தது என்ற குறிப்போடு. மாணவர்களில் பாதிப்பேர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்தே வருகிறார்கள். தங்கள் தந்தையின் சொற்கள் தமிழ்த்துறைக்குள் நுழையத் தகுந்தவை என்று அவர்களுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. என் துறையின் கூட்டத்தில் இதை முன்வைத்தேன். "அது தமிழாம்மா?" என்று ஒரு மூத்தவர் கேட்டார். கேள்வி நேர்மையானதுதான். அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

*

கூலியாக மேஸ்திரி கேட்டது 800 ரூபாய். ஒரு பழைய ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. இரண்டு நாள் வேலையோடு ஒப்பிட்டாலும் ஒன்றுமில்லை. கூடக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். தெர்மோஸ்டாட் ஒன்றும் வாங்கிவந்து போடச் சொன்னார்: "சூடு ஏறணும் டீச்சர். சூடே ஏறாம ஓடினாலும் இன்ஜின் கெடும்." போட்டாயிற்று.

முறிந்த ஆணியின் இரண்டு பாதிகளையும் ஒரு தாளில் மடித்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முறிந்த முகத்தில் ஓரமெல்லாம் பழுப்பாகவும் நடுவில் மட்டும் சாம்பல் நிறமாகவும் இருந்தது. பழுப்பு, துரு முன்பே தின்ற இடம். சாம்பல், நான் முறித்த இடம். நகத்தால் அந்தச் சாம்பல் வட்டத்தைத் தொட்டு, "இவ்வளவுதான் பிடிச்சிட்டிருந்திருக்கு" என்றார்.

மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.